14 மாதம் தள்ளிய பிறகு: ஒரு சக்கர வாக்கரும் அது ஓடும் தெருவும்

இந்த வாக்கரை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டு வாசலில் தொடங்கி நீங்கள் அடிக்கடி போகிற இடம் வரைக்கும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பாதையை அளந்து பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது அனுப்புங்கள். எத்தனை படி, நடைபாதை விளிம்பில் எத்தனை ஓரக்கல், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், சாலையைக் கடக்க எத்தனை நொடி பச்சை விளக்கு எரிகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல் வாங்கினேன். வாங்கிய பிறகு 14 மாதமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு 73 வயது. நடைபாதையில் ஒரு பலகைக்கல் பக்கத்துக் கல்லைவிட 3 சென்டிமீட்டர் எழும்பி நின்றது. அதில் கால் தட்டி விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்தது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் மிக அதிகம் 60 வயதைத் தாண்டியவர்கள். நான் பிழைத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதம் சக்கரமில்லாத நாலு கால் வாக்கர் கொடுத்தார்கள். தூக்கி வை, ஒரு அடி எடு, மறுபடி தூக்கி வை. வீட்டுக்குள் அதுதான் சரியானது. எவ்வளவு சாய்ந்தாலும் ஓடாமல் தாங்கும். தெருவிலோ 50 மீட்டர் போவதற்குள் தோள் இரண்டும் இற்றுப்போகும். அதன் பிறகுதான் இந்த நாலு சக்கர வாக்கர் வந்தது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வகை வண்டிகள் எல்லா ஊரிலும் பல பெயர்களில் கிடைக்கின்றன, அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அலுமினியச் சட்டம், எடை 7 கிலோ. முன்சக்கரம் இரண்டும் எல்லாப் பக்கமும் திரும்பும். பின்சக்கரம் இரண்டும் நேராக மட்டும் ஓடும், பிரேக் அவற்றில்தான். நடுவில் ஒரு இருக்கை, அதன் கீழே ஒரு பை. அகலம் 62 சென்டிமீட்டர், நீளம் 68. என் பேத்தி இதை நடைவண்டி என்கிறாள். குழந்தை நடை பழகும் வண்டிக்கான அந்தப் பழைய சொல்லை அவள் எனக்குக் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம். இனி நானும் வண்டி என்றே எழுதுகிறேன்.

கைப்பிடி உயரத்தைக் கடைக்காரர் வைத்த இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். வெளியே போகும்போது போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். கைகளைத் தொங்க விடுங்கள். மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். என் வண்டியில் அது இரண்டு துளை மேலே இருந்தது. மூன்று வாரம் அப்படியே தள்ளினேன். கழுத்தும் தோளும் வலித்தபோது வயது என்று நினைத்துக்கொண்டேன். பிசியோதெரபி தரும் பெண் வந்து இரண்டு துளை இறக்கினாள், வலி போயிற்று. அவள் சொன்ன இன்னொன்றும் முக்கியம். வண்டியை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் குனிந்துகொண்டு போகக் கூடாது. பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே உங்கள் கால்கள் இருக்க வேண்டும். வண்டிக்குள் நடக்க வேண்டும், வண்டியின் பின்னால் அல்ல.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, என் ஒரே பெரிய குறை அங்கேதான். கைப்பிடியின் கீழே உள்ள நெம்புகோலை மேலே இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும். கீழே அழுத்திவிட்டால் பூட்டிக்கொள்ளும், வண்டி நகராது. உட்காருவதற்கு முன் இரண்டு பக்கமும் அழுத்திப் பூட்ட வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காமல் உட்காரக் கூடாது. முதல் மூன்று மாதம் நன்றாக இருந்தது. பிறகு பூட்டியிருந்தும் சரிவில் வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இந்த வகையில் பிரேக் என்பது பின்சக்கர ரப்பரின் மேல் வந்து அழுந்தும் ஒரு சிறு கட்டைதான். ரப்பர் தேயத் தேய கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி கூடும், பிடிப்பு குறையும். கேபிளின் முனையில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைத் திருகி இறுக்கினால் பழையபடி பிடிக்கும். இரண்டு நிமிட வேலை. ஆனால் விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு அந்தத் திருகு மிகச் சின்னது. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தவர்கள், இந்த ஒரு திருகைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாம். கூட வந்த விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் உட்காரப் போகிறவர் மறுபடி இடுப்பை உடைத்துக்கொள்வார். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை பூட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள்.

சக்கரம் வாங்கும்போது பெரிதாக வாங்குங்கள். 15 சென்டிமீட்டர் சக்கரம் வழவழப்பான தளத்துக்கு மட்டும். என்னுடையது 20. 2 சென்டிமீட்டர் உயரத் தடையில் தள்ளினால் ஏறிவிடுகிறது. 3 சென்டிமீட்டர் என்றால் நின்று, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பக்கத்தில் யாராவது வேண்டும். மழைநீர் வடிகாலின் இரும்புக் கிராதி இன்னொரு தொல்லை. கம்பிகள் நாம் போகும் திசையிலேயே நீளமாகப் போட்டிருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கி நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். கம்பிகளைக் குறுக்கே போட்டால் செலவு ஒன்றும் அதிகமாகாது.

பார்வையற்றவர்களுக்காக நடைபாதையில் பதிக்கிற புடைப்பு ஓடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வண்டி வைத்திருக்கிற சிலர் அவற்றைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். 1967-இல் ஜப்பானின் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை அவை. கண்டுபிடித்தவர் மியாகே செய்இச்சி. அவற்றின் மேல் போகும்போது மணிக்கட்டு வரை அதிர்கிறது, உண்மைதான். அதிரட்டும். நாலு அடி அகலத்துக்கு ஓரமாக இடமிருந்தால் அவருக்கு அவர் வழி, எனக்கு என் வழி. சண்டை எங்கள் இருவருக்கும் நடுவே அல்ல, எங்களுக்கு மிச்சம் விட்ட அகலத்தோடு.

இந்த வண்டியை உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த அய்னா விஃபால்க். 21 வயதில் போலியோ தாக்கியது. சமூகப் பணியில் இருந்தார். தோள்மூட்டு தேய்ந்து, தன் தேவைக்காகவும் தன்னைப் போன்றவர்களுக்காகவும் 1978-இல் இதை வடிவமைத்தார். பலருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் காப்புரிமை பெறாமல் விட்டார். முதல் நாள் தெருவில் 200 மீட்டர் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தபோது எனக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்த பிறகு, அவரை நினைக்காமல் கைப்பிடியைப் பிடித்த நாள் குறைவு.

இனி தெரு. என் வீட்டிலிருந்து நூலகம் 640 மீட்டர். வேலை பார்த்த காலத்தில் அதை 8 நிமிடத்தில் நடந்தேன். 31 ஆண்டுகள் சாலைத் துறையில் வரைவாளராக இருந்தவள் நான். நடைபாதை, சந்திப்பு, சாலையைக் கடக்கும் கடவை, கடக்கிறவர்கள் சாலை நடுவே நின்றுகொள்ளும் நடுத்திட்டு என்று நான் வரைந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும். என் கைப்பட வரைந்த கோடுகளின் மேல்தான் இப்போது தள்ளிக்கொண்டு போகிறேன்.

அந்த 640 மீட்டரில் நடைபாதை 11 இடத்தில் முடிந்து மறுபடி தொடங்குகிறது. பக்கத் தெரு, வாகனம் நுழையும் வாசல், சந்திப்பு. அதில் 4 இடத்தில் மட்டும் சரிவு இருக்கிறது. மற்ற 7 இடத்தில் 15 சென்டிமீட்டர் ஓரக்கல் நேராக நிற்கிறது. வரைபடத்தில் அது இரண்டு கோடு. நடுவே ஒரு எண். அந்த எண்ணை நூற்றுக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். தண்ணீர் நடைபாதைக்கு ஏறக் கூடாது, வாகனங்கள் ஏறக் கூடாது என்பதற்காக. அதன் மேல் ஏற வேண்டிய சக்கரம் ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அமெரிக்காவின் கலமசூ நகரத்தில் 1945-இலேயே, போரில் கால் இழந்து திரும்பியவர்களுக்காக ஓரக்கல்லை வெட்டிச் சரிவு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். செய்யத் தெரியாத வேலை அல்ல அது. நான் வேலைக்குச் சேர்வதற்கு எத்தனையோ ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்த வேலை.

சரிவு இருக்கும் 4 இடத்திலும் என்னோடு யார் யார் வந்து சேர்கிறார்கள் என்று கவனித்தேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் தாய், உருட்டுப் பெட்டி இழுத்துக்கொண்டு வரும் பயணி, தண்ணீர்க் கேன்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் இளைஞன். ஒருவர்கூட அந்தச் சரிவைக் கிழவிகளுக்கானது என்று நினைத்து விலகிப் போகவில்லை.

மிகவும் மனத்தை உறுத்துகிற இடம் சிக்னல் கடவை. சாலை 14 மீட்டர் அகலம். நடப்பவர்களுக்குப் பச்சை 12 நொடி. இந்த 12 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மனிதன் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துக்கொள்வது உலகத்தில் பல நாடுகளிலும் இருந்த வழக்கம். 14-ஐ 1.2-ஆல் வகுத்தால் 11.7 வரும், மேலே ஏற்றினால் 12. அந்தக் கணக்கை என் மேசையில் போட்டிருக்கிறேன். என் வேகத்தையும் அளந்தேன். கூடத்தில் 10 மீட்டருக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பேத்தி நேரம் பார்க்க, மூன்று முறை நடந்தேன். சராசரி 14 நொடி. அதாவது நொடிக்கு 0.7 மீட்டர். 14 மீட்டரைக் கடக்க எனக்கு 20 நொடி வேண்டும்.

நான் மட்டும் இப்படியா என்று தேடினேன். 2012-இல் இங்கிலாந்தில் 65 வயது தாண்டியவர்களின் நடைவேகத்தை அளந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8. நொடிக்கு 1.2 மீட்டரை எட்ட முடியாதவர்கள் ஆண்களில் 84 சதவீதம், பெண்களில் 94 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. 31 ஆண்டுகளாக நான் பச்சை விளக்கு போட்டது 100 மூதாட்டிகளில் 6 பேருக்கு. மற்ற 94 பேர் ஓடியிருப்பார்கள், அல்லது வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

மாற்ற முடியாததும் அல்ல. அமெரிக்கா 2009-இல் தன் சிக்னல் கையேட்டில் நொடிக்கு 4 அடி என்பதை 3.5 அடியாகக் குறைத்தது, அதாவது 1.07 மீட்டர். அதுவும் எனக்குப் போதாது, இருந்தாலும் ஒரு நகர்வு. சிங்கப்பூர் அதே 2009-இல் வேறு வழி கண்டது. மூத்த குடிமக்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால், கடவையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை பச்சை கூடுதலாக எரியும். அந்த 13-இல் 8 கிடைத்தால் நான் கடந்துவிடுவேன்.

கிடைக்காததால் நடுத்திட்டில் நிற்கிறேன். பச்சை எரிந்ததும் இறங்கினால் 9 நொடியில் திட்டை அடைகிறேன். மிச்சமுள்ள 3 நொடியை நம்பி மறுபாதியில் இறங்க மாட்டேன். அடுத்த பச்சைக்கு 90 நொடி. திட்டின் ஆழம், அதாவது நான் கடக்கும் திசையில் அதன் அளவு, 1 மீட்டர். வண்டி 68 சென்டிமீட்டர், அதன் பின்னால் என் உடம்பு, மொத்தம் 1.15 மீட்டர் வருகிறது. நேராக நின்றால் முன்சக்கரமோ என் குதிகாலோ சாலையில் இருக்கும். ஆகவே வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி, பிரேக்கைப் பூட்டி, வாகனங்களுக்கு இணையாக நின்றுகொள்கிறேன். இன்னொருவர் வந்தால் இடமில்லை. ஒருமுறை பள்ளிப் பிள்ளைகள் இருவர் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, சாலையிலேயே நின்றார்கள். "ஏறுங்க, ஏறுங்க" என்று நான் ஒடுங்கிக்கொண்டேன். "பரவாயில்ல பாட்டி, நீங்க நில்லுங்க" என்றான் பெரியவன். 10 வயது இருக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் லாரி போயிற்று. அமெரிக்காவின் அணுகல் நெறிகள் நடுத்திட்டுக்கு 1.8 மீட்டர் ஆழம் கேட்கின்றன. நான் அந்தத் திட்டுக்கு 1 மீட்டர் எழுதினேன். வாகனப் பாதைக்குக் கொஞ்சம் அகலம் கிடைக்கட்டும் என்று.

பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்தளப் பேருந்து வந்து, ஓட்டுநர் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தி, பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் வண்டியோடு தனியாக ஏறிவிடுவேன். அரை மீட்டர் தள்ளி நிறுத்தினால் முடியாது. ஒரே பேருந்து, ஒரே நிறுத்தம். ஓட்டுநர் திருப்பும் அந்த அரை மீட்டரில் என் நாள் மாறுகிறது. உள்ளே ஏறியதும் வண்டியின் இருக்கையில் உட்காராதீர்கள். பேருந்து பிரேக் போட்டால் பூட்டிய சக்கரமும் வழுக்கும். பேருந்தின் இருக்கைக்கே போங்கள்.

இருக்கை என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. இந்த வண்டியில் மிக உயர்ந்த அம்சம் அதுதான், சந்தேகமே இல்லை. 150 மீட்டருக்கு ஒருமுறை நான் உட்கார வேண்டும். பிரிட்டனின் போக்குவரத்து வழிகாட்டி, நடைபாதையில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கை வேண்டும் என்கிறது. என் 640 மீட்டரில் ஒன்றுகூட இல்லை. பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்து நிற்க ஒரு சரிந்த குழாய் மட்டும் இருக்கிறது. ஆக, நகரம் போடாத பெஞ்சை நான் தள்ளிக்கொண்டு போகிறேன். உட்கார்ந்து பார்க்கும்போது தெரு வேறாகத் தெரிகிறது. யார் நிற்க முடியாமல் நிற்கிறார்கள் என்பது உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை, கடை வாசல்படியில் அனுமதி கேட்பதுபோல் ஓரமாக உட்கார்கிற உடம்பு, போன் பேசுவதுபோல் நின்று மூச்சு வாங்குகிறவர். (ஒரு எச்சரிக்கை: நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் இதைத் தள்ளக் கூடாது. இது சக்கர நாற்காலி அல்ல. பின்னால் கவிழும்.)

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது என் வயதுக்காரர் ஒருவர் கைத்தடியோடு வந்து நின்றார்.

"நல்லா இருக்காம்மா இது? உட்காரவும் செய்யலாமா?"

எழுந்து அவரை உட்காரச் சொன்னேன். பிரேக்கை அழுத்திப் பூட்டிக் காட்டினேன். உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், பையைத் திறந்து பார்த்தார். தனக்கில்லை, மனைவிக்காகக் கேட்கிறேன் என்றார். அவர்கள் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். 30 வயதில் குடிபோனபோது அது ஒரு பொருட்டாக இல்லை. மனைவிக்கு முழங்கால் போய் இரண்டு ஆண்டாயிற்று, அந்த இரண்டு ஆண்டும் அந்த அம்மா கீழே இறங்கவில்லை.

"இதை வாங்கிக் குடுத்தா இறங்குவாளா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இந்த வண்டி ஒரு படிகூட இறங்காது. மூன்று மாடிக்கு 48 படி என்றார், எண்ணி வைத்திருக்கிறார். மேலேயே வைத்து வராந்தாவில் நடக்கலாம் என்றேன். "வராந்தா ஆறு மீட்டர்தான்" என்றார். எழுந்து, நன்றி சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு போனார். இந்தப் பொருளுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் என் விடை அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றாக இருக்காது. எனக்கு 5-இல் 4. அவருக்கு முதலில் லிஃப்ட் வேண்டும், பிறகுதான் எதுவும்.

இது ஏதோ சிலருடைய சங்கடம் என்று நினைக்க இனி வழியில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2030-இல் உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ இருப்பார். 2050-இல் அவர்கள் 210 கோடி. 80 வயதைத் தாண்டியவர்கள் 2020-இல் இருந்ததைப்போல மூன்று மடங்காகி 42.6 கோடி ஆவார்கள். வேகத்தையும் பாருங்கள். 65 வயது தாண்டியவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆக பிரான்சுக்கு 115 ஆண்டு பிடித்தது. ஜப்பானுக்கு 24 ஆண்டு, 1970-இலிருந்து 1994 வரை. நகரம் அந்த வேகத்தில் மாறாது. ஒரு ஓரக்கல்லைப் பதித்தால் 30, 40 ஆண்டு அப்படியே கிடக்கும். ஒரு குடியிருப்புக் கட்டடம் அதற்கும் மேல். இன்று ஒரு வரைவாளர் தாளில் போடுகிற கோட்டின் மேல் 2050-இல் நடக்கப் போகிறவர், இன்று 45 வயதில் அவசரமாக இரண்டிரண்டு படியாக ஏறிக்கொண்டிருக்கிறவர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இனி எத்தனை சரிவு வைத்தாலும் கொஞ்ச காலம்தான்.

ஜப்பானில் இப்போது 65 தாண்டியவர்கள் சுமார் 29 சதவீதம். அங்கே 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. ஆள் குறைந்து, கடை மூடி, பேருந்து நின்று, கார் ஓட்ட முடியாத முதியவர்கள் நடுவே மாட்டிக்கொள்கிற பகுதிகள் நிறைய. தொயாமா நகரம் இதற்கு எடுத்த வழி எனக்குப் பிடித்தது. நகரத்தை இன்னும் பரப்பாமல், ரயிலையும் பேருந்தையும் ஒட்டி வீடுகளையும் சேவைகளையும் கூட்டிக்கொண்டுவர முயன்றார்கள். 2006-இல் நலிந்துபோன ஒரு ரயில் பாதையை எடுத்துத் தாழ்தள டிராம் ஓடவிட்டார்கள். நடைமேடையும் டிராமின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். படங்களில் அந்த மட்டத்தைப் பார்த்தேன். வரைவாளரின் கண்ணுக்கு அது ஒற்றைக் கோடு. இரண்டு கோடும் நடுவே ஒரு எண்ணும் இல்லை. அங்கே போய் இந்த வண்டியைத் தள்ளிப் பார்க்க ஆசை உண்டு. என் இடுப்பு அந்தப் பயணத்தைத் தாங்குமா என்பது வேறு.

ஒன்பதாவது மாதம் ஒரு வேலை செய்தேன். பழைய வரைபலகையைத் துடைத்து வைத்து, அந்தக் கடவையை மறுபடி வரைந்தேன். நடுத்திட்டு 2 மீட்டர், இரு பக்கமும் ஓரக்கல் சாலை மட்டத்துக்கு இறக்கம், சரிவு பன்னிரண்டு நீளத்துக்கு ஒன்று உயரம், பச்சை 20 நொடி. கை நடுங்கியது, கோடு நேராகவே வந்தது. அதை எடுத்துக்கொண்டு பழைய அலுவலகத்துக்குப் போனேன். என் மேசை இருந்த இடத்தில் இப்போது ஒரு இளம்பெண் கணினியில் வரைகிறாள். தாளைப் பார்த்தாள், பொறுமையாகக் கேட்டாள், "மேலிடத்துக்கு அனுப்பறேம்மா" என்றாள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பலரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். அதனால் இன்னொன்று கேட்டேன். "ஒரு மணி நேரம் இருந்தா என்கூட வந்து இந்த வண்டியைத் தள்ளிப் பாக்கறியாம்மா?"

சனிக்கிழமை காலை வந்தாள். நான் கைத்தடியோடு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். பையில் 5 கிலோ புத்தகம் வைத்துக் கொடுத்தேன், நூலகத்துக்குத் திருப்ப வேண்டியவை. முதல் இரண்டு ஓரக்கல்லில் வண்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். "தூக்காம போம்மா, எனக்குத் தூக்க முடியாது" என்றேன். மூன்றாவதில் நின்றாள். முன்சக்கரத்தை மோதிப் பார்த்தாள், பின்னால் திருப்பி இழுத்துப் பார்த்தாள். புத்தகங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. கடைசியில் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி, வாகனங்களோடு சேர்ந்து 30 மீட்டர் போய் அடுத்த வாசலில் ஏறினாள். நான் தினமும் செய்வது அதுதான். சொல்லாமலே அவள் அதைச் செய்தாள். கடவையில் நான் சொன்ன வேகத்தில் நடந்து நடுத்திட்டில் மாட்டிக்கொண்டாள். 90 நொடி. வாகனங்கள் போகப் போக அவள் வண்டியைத் திருப்ப முயன்றதையும், திருப்ப இடமில்லாததையும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி திட்டுக்குப் போனாள்.

இப்போதைய நிலவரம்: நான்காவது, ஏழாவது ஓரக்கல் இரண்டும் வெட்டப்பட்டுச் சரிவு வந்திருக்கிறது. ஏழாவதில் சரிவின் அடியில் 2 சென்டிமீட்டர் விளிம்பு விட்டுவிட்டார்கள், வண்டி ஏறுகிறது. பச்சை 12 நொடியிலிருந்து 16 ஆகியிருக்கிறது. நடுத்திட்டு இன்னும் 1 மீட்டர். மூன்றாவதற்கு வெள்ளைச் சுண்ணாம்பால் குறி போட்டிருக்கிறார்கள்; எப்போது வெட்டுவார்கள் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

வண்டியைப் பொறுத்தவரை, 14 மாதத்தில் இடது பின்சக்கர ரப்பர் வலதைவிட அதிகம் தேய்ந்துவிட்டது, நான் அந்தப் பக்கம் சாய்கிறேன் போலிருக்கிறது. கேபிளின் திருகு இறுக்கும் எல்லைக்கு வந்துவிட்டது. இரண்டு சக்கரத்தையும் அடுத்த வாரம் மாற்றுகிறேன். வாங்கும்போதே மாற்றுச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எனக்குக் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று, அந்த ஐந்து வாரமும் மழை பெய்த நாளில் நான் வெளியே போகவில்லை.